சீனா ட்ரெயினிங்கும் ஏழாவது கட்டமும்

பெயர் எழுத வேண்டாம் என்று ஜகபர் அலி வாத்தியார் மூன்று தரம் சொன்னார். ஒரு தரம் வாயால், ஒரு தரம் கையை ஆட்டி, ஒரு தரம் கரும்பலகையில் எழுதி அடியில் கோடு போட்டு.

"இப்ப பாண்டுரங்கன் சார் பத்து நிமிசம் பாடம் நடத்துனாரு. அதுல உங்களுக்கு இன்னா புரியல, அதை மட்டும் இந்தச் சீட்டுல எழுதுங்க. பேரு வாணாம், கையெழுத்து வாணாம். யாரு எழுதுனதுன்னு எனக்கே தெரியக் கூடாது."

பதினோரு ஆசிரியர்களும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். பதினோரு சீட்டும் வந்தன. பதினொன்றிலும் 'மிக அருமை'. கீழே முழுப் பெயர், படித்த படிப்பு, பள்ளியின் பெயர். இரண்டு பேர் தேதியும் போட்டிருந்தார்கள். பள்ளி முத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிற ஒருவர் ஊதா மையில் அதையும் குத்திக் கொடுத்திருந்தார்.

பாண்டுரங்கன் அந்தப் பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்தியவர். மிச்சம் இரண்டு நிமிஷம் சாக்பீஸைத் தேடினார். இதில் எது மிக அருமை என்று அலிக்கு விளங்கவில்லை. எரிச்சல் வந்தால் அவருக்கு இடது காது மட்டும் சிவக்கும். அது சிவந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தார்கள்.

இது நடந்தது 1987 நவம்பரில், செஞ்சி மேட்டுத்தெரு நடுநிலைப்பள்ளியில், ஒரு சனிக்கிழமை.

செஞ்சி பஜாரில் ஜகபர் அலியைத் தெரியாதவர் கிடையாது. கடைக்கார வீட்டில் பிறந்து கடைக்கு லாயக்கில்லாமல் போன ஒரே ஆள் என்பதால் அந்தப் பிரபலம். கோட்டையில் நவாபு ஆட்கள் இருந்த காலத்தில் வந்து தங்கிய குடும்பம். அண்ணன் தம்பி மூன்று பேரும் டிரங்குப் பெட்டி வியாபாரம். இவரையும் இருபத்தோரு வயசில் கல்லாவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பொண்ணுக்குச் சீராகக் கொடுக்கப் பெட்டி வாங்க வந்தவரிடம், "இது ரெண்டு மழைக்குத் தாங்காது, துரு பிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டார். அவருடைய அத்தா அன்றைக்குச் சாயங்காலமே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கிவந்தார். "இவன் வாத்தியாரா போவட்டும். அங்க சரக்கைத் திருப்பிக் கொண்டாந்து யாரும் கேக்க மாட்டாங்க" என்றாராம்.

அப்படியே இருபத்து மூன்று வருஷம் ஓடியது. அலி பாடம் நடத்துவார். முடிந்ததும், "புரிஞ்சுதா?" என்பார். நாற்பது பிள்ளைகளும் கூரை அதிர, "புரிஞ்சுது சார்!" என்று கத்தும். மணி அடிக்கும். இருபத்து மூன்று வருஷமும் அந்தச் சத்தத்தை அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கை கடலூரில் போனது. ஆசிரியர்களின் கற்பிக்கும் திறனை வளர்ப்பதற்கென்று புதிதாக ஒரு பயிற்சி வந்தது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர் போய்ப் பன்னிரண்டு நாள் படித்து வந்து தன் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். போக யாரும் தயாராக இல்லை. கோடை விடுமுறை, மாம்பழக் காலம், எல்லோர் வீட்டிலும் ஒரு கல்யாணம். அலி வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லாததால் அவரை அனுப்பினார்கள்.

அங்கே ஒரு சின்ன வயசு அம்மா, பருத்திப் புடவை கட்டிய காலேஜ் விரிவுரையாளர், இவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்தார். ஒருவர் பத்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். மற்ற ஐந்து பேரும் பிள்ளைகளாக உட்கார வேண்டும். பிறகு தங்களுக்குப் புரியாததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. அலி 'மழை எப்படி வருகிறது' என்று அழகாக நடத்தி முடித்து, "புரிஞ்சுதா?" என்றார்.

"அதைக் கேக்காதீங்க சார்," என்றார் அந்த அம்மா. "அஞ்சு பேரும் புரிஞ்சதை எழுதட்டும்."

ஐந்து பேரும் எழுதியதில் ஐந்து விதமாக மழை பெய்தது. ஒருத்தர் மேகமும் மேகமும் மோதி உடைவதாக எழுதியிருந்தார். இன்னொருத்தர் கடல் தண்ணீர் குழாய் வழியாக ஏறுவது மாதிரி படமே போட்டிருந்தார். நாற்பத்தாறு வயசு மனுஷர், அன்றைக்கு மெஸ்ஸில் ரசத்தோடு எழுந்துவிட்டார். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் தலைக்குள் எத்தனை விதமாக மழை பெய்ததோ என்று படுத்தபடி கணக்குப் போட்டார். மூன்றாம் நாள் அதே பாடத்தை மாற்றி நடத்தினார். ஐந்து பேரில் நாலு பேர் ஒரே மாதிரி எழுதினார்கள். அலி அன்றைக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்டார்.

இந்த முறை நாடு நாடாகப் பரவிக்கொண்டிருக்கிறது என்றும், சீனாவில் பெரிய பெரிய காலேஜ் புரொபசர்களே பெஞ்சில் பிள்ளைகளாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் அந்த அம்மா ஒருநாள் சொன்னார். அலி அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து வீட்டில், கடையில், பள்ளிவாசல் வெளியில், பார்க்கிற ஆளிடமெல்லாம் அதுவே பேச்சு.

"ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தவங்க கூட இவ்ளோ பேசுறதில்லீங்க," என்றாள் அவர் மனைவி தாஹிரா. "பன்னெண்டு நாளு கடலூரு போய்ட்டு வந்தவரு சீனாவுக்கே போய்ட்டு வந்த மாதிரி பேசுறீங்க."

ஊர் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. சீனா ட்ரெயினிங்.

நாற்பத்தெட்டு ஆசிரியர்கள். பன்னிரண்டு பன்னிரண்டாக நாலு குழு. மார்ச் முடிவதற்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். அதில் ஏழாவது கட்டம், 'சக ஆசிரியர் சுட்டிய குறை'. அதற்குக் கீழே பயிற்சியாளர் கையெழுத்து. அலி கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆசிரியர் பயிற்சி முடித்தவர்.

முதல் குழுவிலேயே வண்டி நின்றுவிட்டது. குறை சொல்லாதது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, பிள்ளைகளாக உட்காரச் சொன்னால் எல்லோரும் முதல் பெஞ்சுப் பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டு முடிக்குமுன் பதினோரு கையும் தூக்கப்படும். எல்லாமே சரியான பதில். சொல்லித்தராத பாடத்துக்குக்கூடப் பதில் வரும். இப்படிப்பட்ட வகுப்பு கிடைத்தால் எருமை மாடு நின்றாலும் பாடம் நடக்கும்.

"நீங்க மூணாங்கிளாஸ் பையன், சார். உங்களுக்குத் தெரியாது. தெரியாத மாதிரி இருங்க," என்று அலி கெஞ்சினார்.

"தெரிஞ்சதை எப்டி சார் தெரியாதுன்னு சொல்றது? பொய் இல்லியா?" என்றார் முத்திரைக்காரர்.

கடைசியில் பாண்டுரங்கன்தான் இரங்கினார். சிங்கவரத்துக்காரர், நல்ல மனுஷர், நிலக்கடலை வறுத்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பவர். சுவரைப் பார்த்துப் பாடம் நடத்திய வெட்கம் அவருக்குள் கொஞ்சம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஒரு டீச்சர் கூட்டல் கணக்கு நடத்தும்போது, "ஏழும் எட்டும் எவ்ளோ?" என்று கேட்க, பாண்டுரங்கன் எழுந்து, அலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினாலு" என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பத்துப் பேரும் சிரித்த சிரிப்பில் டீச்சர் பாடத்தை விட்டுவிட்டார். பாவம், பாண்டுரங்கனும் சிரித்தார். அலிக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. சீனாவில் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் பயிற்சி முடிந்தது. நாலேகாலுக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குச் செய்தி போய்விட்டது. ஐந்தரை மணி பஸ்ஸில் கண்டக்டர், "வாங்க பதினாலு சார், உக்காருங்க" என்றார். சிங்கவரத்தில் இறங்குவதற்குள் பஸ்ஸில் முன்பக்கம் பின்பக்கம் எல்லோரும் ஏழையும் எட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பாண்டுரங்கனின் சைக்கிள் அலி வீட்டு வாசலில் நின்றது. ஸ்டாண்டு போடவில்லை, சுவரில் சாத்தியிருந்தது. அவ்வளவு கோபம்.

"பாய், நீங்க நல்லா இருப்பீங்களா? எம் பொண்ணுக்கு மாப்ள வூட்டுக்காரங்க வர்ற வாரம் வராங்க. வாத்தியாருக்கு வாய்ப்பாடே வரலியாமேன்னு எங்க பங்காளி கேக்குறான்!"

"அது நடிப்புன்னு சொல்லு பாண்டு."

"யார் யாருக்குச் சொல்றது? கண்டக்டரு கிட்ட சொன்னேன். 'நடிக்கிறதா இருந்தா பதினஞ்சுன்னு நடிக்கக் கூடாதா சார்'னு கேக்குறான். இன்னா பதில் சொல்ல?"

உள்ளேயிருந்து தாஹிரா டீ கொண்டுவந்து கொடுத்து, "அண்ணே, இவரும் நாளைக்கு பஜார்ல நின்னு பதினாலுன்னு சொல்லட்டும். கணக்கு நேராயிடும்," என்றாள். பாண்டுரங்கன் டீயைக் குடித்தார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் எவரும் எந்தக் கேள்விக்கும் தப்பாகப் பதில் சொல்லவில்லை.

ஜனவரியில் இரண்டு குழு முடிந்து இருபத்து நாலு படிவம் வந்தது. ஏழாவது கட்டத்தில் இருபத்து நாலு 'இல்லை'. அலி அத்தனையையும் திருப்பிக் கொடுத்தார். குறை இல்லாமல் கையெழுத்துக் கிடையாது என்றார். ஒரே வாரத்தில் இருபத்து நாலும் திரும்பி வந்தன. இருபத்து நாலிலும் ஒரே வரி: 'கரும்பலகையில் எழுத்து சற்றுச் சிறியது.'

அதில் ஒரு டீச்சர் பாடத்தைப் பாட்டாகவே பாடி நடத்தியவர். சாக்பீஸைத் தொடவே இல்லை. அவருக்கும் எழுத்து சிறியது.

விசாரித்ததில் அந்த வரியைக் கண்டுபிடித்தவர் பாண்டுரங்கன் என்று தெரிந்தது. அவர் மறைக்கவும் இல்லை. "இதுல யாருக்கும் மனசு நோவாது பாய். எழுத்து சின்னதுன்னா நாளைக்குப் பெருசா எழுதிட்டுப் போறாங்க. தீந்துது. நீங்களும் குறை வேணும்ன்றீங்க, அவங்களும் குடுத்துட்டாங்க. இன்னும் இன்னாதான் வேணும் உங்களுக்கு?"

அலி படிவங்களைப் பையில் போட்டுப் பூட்டினார். கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரியில் கல்வி ஆபீசர் ரங்கநாதன் கூப்பிட்டு அனுப்பினார். ரங்கநாதன் கெட்டவர் இல்லை. மேலே இருந்து கேட்டால் கீழே கேட்பார். கீழே இருந்து கேட்டால் மேலே கைகாட்டுவார். ஆபீசருக்கு அதற்கு மேல் என்ன குணம் வேண்டும்?

"அலி சார், சுத்துப்பட்டு எல்லா இடத்துலயும் நூத்துக்கு நூறு அனுப்பிட்டாங்க. பயிற்சி மாவட்டம் பூரா காட்டுத்தீ மாதிரி பரவுதுன்னு மேல சந்தோஷமா இருக்காங்க. நம்ம பேர்ல மட்டும் பூஜ்யம் நிக்குது."

"பரவுறது பேப்பர் சார். பயிற்சி இல்ல."

"எதுவோ பரவட்டும். மார்ச் முப்பத்தொண்ணு கடைசி. கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

அலி யோசித்தார். பிறகு இறங்கிவந்தார். "ஒண்ணு சார். நாப்பத்தெட்டுல ஒண்ணே ஒண்ணு. ஒரு வாத்தியாரு இன்னொரு வாத்தியாரப் பாத்து நெசமா ஒரு குறை சொல்லட்டும், அது ஏழாவது கட்டத்துல ஏறட்டும். மத்த நாப்பத்தேழுக்கும் கண்ண மூடிக்கினு போட்டுடறேன்."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு போதும்."

"வராட்டி?"

"வராட்டி வேற ஆளைப் பாத்துக்குங்க. இத்தினி வருசம் பொய்யிலயே ஓட்டிட்டேன் சார். தெரியாம ஓட்டுனேன். தெரிஞ்சு ஓட்ட முடியல."

வீட்டுக்கு வந்து தாஹிராவிடம் சொன்னார். சீனாவில் ஒரு புரொபசர் இன்னொரு புரொபசரைப் பார்த்துப் புரியவில்லை என்று சொல்ல முடிகிறது, செஞ்சியில் மட்டும் ஏன் முடியவில்லை என்று பொருமினார். தாஹிரா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "சீனாவுல நெசத்தைத்தான் சொல்றாங்கன்னு நீங்க போய்ப் பாத்தீங்களா? அங்கயும் ஒரு பாண்டுரங்கன் இருப்பான். போர்டு எழுத்து சின்னதுன்னுதான் அங்கயும் எழுதியிருப்பாங்க."

அலிக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இது அவருக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் காரணம்.

மூன்றாவது குழுவும் எழுத்துச் சிறுத்துப் போய்ச் சேர்ந்தது. மிச்சம் நாலாவது குழு. அதில் கோதண்டராமன் இருந்தார்.

கோதண்டராமன் மேட்டுத்தெருப் பள்ளியின் தலைமையாசிரியர். அதாவது அலிக்கே தலைமையாசிரியர். அலியின் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவர். முப்பது வருஷ சர்வீஸ். கணக்கில் புலி என்று பெயர். நவம்பரிலிருந்து பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்தவர், கடைசிக் குழு என்பதால் தப்ப முடியாமல் வந்தார். வேட்டி சட்டை, தோளில் துண்டு, கையில் சொந்தச் சாக்பீஸ்.

302-இலிருந்து 147-ஐக் கழிப்பது. அதுதான் பாடம். கரும்பலகையில் முழங்கை நீளத்துக்கு எண்களை எழுதினார். குரல் கோட்டைச் சுவரில் மோதித் திரும்பும்.

"ரெண்டுல ஏழு போவாது. இன்னா பண்ணணும்? பக்கத்து வூட்ல கடன் வாங்கணும். பக்கத்து வூட்ல யாரு? பூஜ்யம். அவன் கிட்ட ஒண்ணும் கெடையாது. அதனால மூணாவது வூட்டுக்குப் போ. மூணு ஒண்ணு குடுத்துட்டு ரெண்டாயிட்டான். இங்க ரெண்டு பன்னெண்டாயிட்டான். நடுவுல பூஜ்யம் ஒம்போதாயிட்டான். பன்னெண்டுல ஏழு போனா?"

"அஞ்சு!" என்று பத்துக் குரல்.

பதினோராவது குரல் வரவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த தைலம்மாள் டீச்சர், கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று பாதியில் வைத்திருந்தார். சீயமங்கலத்தில் பிறந்தவர், வேலை தொண்டூர்ப் பள்ளியில். ஆறு வருஷம் மனு போட்டு அந்த ஊர் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளும் அதே பள்ளியில் படிக்கிறார்கள். நாலு சனிக்கிழமையும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்.

"எனக்குப் புரியல சார்," என்றார்.

கோதண்டராமன் சிரித்தார். "ட்ரெயினிங்குக்காக சொல்றீங்களா டீச்சர்? சொல்லுங்க, சொல்லுங்க."

"இல்ல சார், நெசமாவே புரியல. பூஜ்யத்துக்கிட்ட ஒண்ணும் இல்லன்னீங்க. அவரு வாங்கவும் இல்ல. மூணு குடுத்தது ரெண்டுக்குப் போயிடுச்சு. அப்புறம் நடுவுல இருந்தவரு எப்டி சார் ஒம்போதானாரு?"

கோதண்டராமன் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். அதே வார்த்தைகள், சத்தம் மட்டும் கூட. "...நடுவுல பூஜ்யம் ஒம்போதாயிட்டான்."

"அதான் சார், எப்டி?"

"ஆயிடுவான்!"

"எங்க ஊர்ப் பிள்ளைங்களும் இதத்தான் கேக்குதுங்க சார். நானும் ஆயிடும்னு சொல்லிட்டுப் போயிடுவேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு பாத்தேன்."

மூன்றாம் தரம் ஆரம்பித்து, நடு வீட்டுக்கு வந்ததும் கோதண்டராமன் நின்றார். பூஜ்யத்தைப் பார்த்தார். பூஜ்யமும் அவரைப் பார்த்தது. கையில் சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

"முப்பது வருசமா ஒம்போதாயிக்கினுதாம்மா இருக்குது! எவனும் கேட்டதில்ல! எத்தினி கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கு எங்கிட்டக் கழித்தல் கத்துக்கினு போனவன் தெரியுமா? நேத்து வந்த நீ, எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு பத்துப் பேரு முன்னாடி சொல்ற!"

"உங்களுக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல சார். எனக்குப் புரியலன்னு—"

"உக்காரு!"

தைலம்மாள் உட்கார்ந்தார். உட்காரும்போது அலியைப் பார்த்தார்.

நாலு மாதமாக அலி காத்திருந்தது இதற்குத்தான். இந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று கடலூரில் மனப்பாடமே செய்திருந்தார்: 'நன்றி டீச்சர், இதுதான் வேண்டும். சார், அந்த இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்.' சொல்ல வாயைத் திறந்தார். கோதண்டராமன் அவர் பக்கம் திரும்பி, "இன்னா அலி, இதுக்குத்தான் கூப்ட்டியா என்னை?" என்றார். டிரங்குப் பெட்டி துரு பிடிக்கும் என்று சொன்ன வாய், கெட்டியாக மூடிக்கொண்டது. அலி மின்விசிறியைப் பார்த்தார். அன்றைக்கு கரண்ட் இல்லை; அது சுற்றவும் இல்லை. இருந்தாலும் பார்த்தார்.

கோதண்டராமன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மற்ற பத்துப் பேரும் ஒவ்வொருவராக, எதையோ மறந்து வைத்துவிட்டவர்கள் போலப் போனார்கள். கரும்பலகையில் பூஜ்யம் அப்படியே இருந்தது.

அலி அன்றைக்கே கோதண்டராமனின் படிவத்தை நிரப்பினார். ஏழாவது கட்டம்: 'பூஜ்யம் ஒன்பது ஆனது எப்படி என்று விளக்கப்படவில்லை. சுட்டியவர்: தைலம்மாள்.' எழுதி முடித்து மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

திங்கட்கிழமை ரங்கநாதன் மேசையில் கோதண்டராமனின் புகார் இருந்தது. மூத்த ஆசிரியரை அவமதித்தல், ஒழுங்கீனம், பெண் ஆசிரியை எதிர்த்துப் பேசியது என்று மூன்று பக்கம். ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் வந்து போயிருந்தார்கள்.

"பாருங்க அலி சார், நீங்க கேட்ட ஒண்ணு இன்னா வேலை செய்யுதுன்னு," என்றார் ரங்கநாதன். "ரெண்டே வழி. அந்தப் படிவத்தைக் கிழிச்சிட்டு, எல்லாருக்கும் போட்ட மாதிரி அவருக்கும் எழுத்து சின்னதுன்னு போட்டுடுங்க. அவரு புகாரைத் திருப்பி வாங்கிக்கிறாராம். இல்லன்னா அந்த டீச்சரை மாத்தச் சொல்றாங்க. மலைக்கு அந்தாண்ட கடைசி ஊர்ல ஒரு எடம் காலி. ஒரு நாளைக்கு ஒரே பஸ்ஸு."

"அவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

"யாரு தப்பு பண்ணாங்கன்னு நான் கேக்கல. எது வேணும்னு கேக்குறேன்."

மறுநாள் அலி அரை நாள் லீவு போட்டார். லீவு லெட்டரில் கோதண்டராமன் தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார். அலி தொண்டூர் பஸ் ஏறினார். மத்தியானம் சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரம். வேப்ப மரத்தடியில் நின்று தைலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "நீங்க இன்னா சொல்றீங்களோ அதைச் செய்றேன் டீச்சர். கிழிக்க வேணாம்னா கிழிக்கல," என்றார்.

தைலம்மாள் தட்டு கழுவி முடித்த பிள்ளைகளை வகுப்புக்குப் போகச் சொன்னார். பிறகு, "சார், உங்க குறையை நான் சொல்லலாமா?" என்றார்.

"சொல்லுங்க."

"தைரியமா சொல்லுங்க, தைரியமா சொல்லுங்கன்னு நாலு வாரம் சொன்னீங்க. நான் சொன்னேன். அவரு கத்துனப்ப நீங்க ஃபேனைப் பாத்தீங்க."

அலியின் இரண்டு காதும் சிவந்தன.

"இன்னொண்ணு. இப்பவும் எங்கிட்டக் கேக்க வந்தது எதுக்கு? நான் கிழின்னு சொன்னா நீங்க நிம்மதியா கிழிப்பீங்க. கிழிக்காதன்னு சொன்னா, நானா பாத்து மாத்தல் வாங்கிக்கினு போனதா ஆயிடும். ரெண்டுலயும் உங்க மேல ஒண்ணும் இல்ல. பூஜ்யம் மாதிரி நடுவுல நிக்கிறீங்க."

சட்டென்று தானே சொன்னதைக் கேட்டுத் திகைத்தவர் போல, "தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றார். "எனக்கு இந்த ஊரு வேணும். கிழிச்சிடுங்க. ஆனா நான் சொல்லி கிழிச்சதா வெச்சுக்காதீங்க."

திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அலி நின்றுகொண்டே வந்தார்.

கிழித்தார். மார்ச் இருபத்தெட்டாம் தேதி, ரங்கநாதன் ஆபீசில், நாற்பத்தெட்டுப் படிவத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். முழங்கை நீளத்துக்கு 302 எழுதிய கோதண்டராமனுக்கும் எழுத்து சற்றுச் சிறியது. நாற்பதாவது படிவத்துக்கு மேல் கையெழுத்து ஜகபர் அலி மாதிரியே இல்லை. கோழி கிளறியது மாதிரி இருந்தது. (அந்த நாற்பத்தெட்டையும் மேலே யாரோ ஒரு நல்லவர் உட்கார்ந்து படித்துத் தொலைத்துவிட்டார். செஞ்சி ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் கரும்பலகை எழுத்து சிறிதாக இருப்பதால், பெரிதாக எழுதும் பயிற்சி பத்து நாள் என்று ஜூலையில் உத்தரவு வந்தது. பாண்டுரங்கனை அப்போது பார்த்திருக்க வேண்டும்.)

கையெழுத்தெல்லாம் முடிந்தபின் அலி ஒரு வெற்றுப் படிவத்தை இழுத்தார்.

"இது யாருக்கு?" என்றார் ரங்கநாதன்.

"எனக்கு சார். மாதிரிப் பாடம் நானும்தானே நடத்துனேன்."

"பயிற்சியாளருக்குப் படிவம் கெடையாதே."

"கெடையாதுன்னு எங்க போட்டிருக்குது?"

ரங்கநாதன் சுற்றறிக்கையைப் புரட்டினார். எங்கும் போடவில்லை. அலி ஏழாவது கட்டத்தில் எழுதினார்: 'பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை. சுட்டியவர்: தைலம்மாள்.' ரங்கநாதன் வாங்கிப் படித்தார். யாருடைய பெயர் கெடுகிறது என்று பார்த்தார். அலியுடையது மட்டும். "இதனால ஒண்ணும் தொந்தரவு இல்ல, போவட்டும்," என்று மற்றதோடு சேர்த்து வைத்தார். நாற்பத்தொன்பது. ஐந்து மணித் தபாலுக்குக் கவரை ஒட்டச் சொல்லி கிளார்க்கிடம் கொடுத்தார்.

அலி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தார். பல மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. தொண்டூர் பஸ்ஸின் ஜன்னலில் தைலம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளைகளுக்கு வாங்கிய புது நோட்டுகள்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது டீச்சர். உங்களுக்கு மாத்தல் கெடையாது. அவரு புகாரைத் திருப்பி வாங்கிட்டாரு." பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், "எம் படிவம் ஒண்ணு எழுதிக் குடுத்தேன். நீங்க சொன்ன குறையைப் போட்டு, சுட்டியவர்னு உங்க பேரையும் போட்டு," என்றார்.

தைலம்மாளின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"ரெண்டும் போட்டீங்களா?"

"எது ரெண்டும்?"

"நான் ரெண்டு சொன்னனே சார். ஃபேனைப் பாத்தது ஒண்ணு. எங்கிட்டக் கேட்டுக்கினு கிழிக்க வந்தது ஒண்ணு."

அலி சைக்கிள் மணியை ஒருமுறை காரணமில்லாமல் அடித்தார். "முதல்லது போட்டேன். கட்டத்துல எடம் அவ்ளோதான் இருந்துச்சு."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கும்?"

டிரைவர் வண்டியை எடுத்தார். அலி பதில் சொல்வதற்குள் ஜன்னல் நகர்ந்துவிட்டது. புகையும் புழுதியும் முகத்தில் அடிக்க, அந்த டீச்சரை, அந்தப் பருத்திப் புடவை அம்மாவை, சீனா புரொபசர்கள் அத்தனை பேரையும் மனசுக்குள் ஒரு சுற்று திட்டினார். திட்டி முடித்து மணி கேட்டார். நாலே முக்கால். கிளார்க் ஐந்து மணிக்குக் கவரை ஒட்டிவிடுவான்.

சைக்கிளைத் திருப்பி ஏறி மிதித்தார்.